நீண்ட பிரெஞ்சுச் சொற்கள் வாயில் சிக்கும்போது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

புதுச்சேரியில் பல ஆண்டுகளாக வீட்டிலேயே பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து வருகிறேன். மாணவர்கள் முதல் இரண்டு மாதங்களில் சிறிய சொற்களை நன்றாகவே சொல்லிவிடுகிறார்கள். பத்துப் பன்னிரண்டு எழுத்துள்ள ஒரு சொல் பாடத்தில் தலைகாட்டியவுடன்தான், அதுவரை ஓடிய வண்டி மணலில் இறங்கியதுபோல் நின்றுவிடுகிறது. இந்தத் தடுமாற்றத்தைக் கவனித்துக் கேட்டால், அதில் வரும் பிழைகள் ஏழெட்டு வகைக்குள் அடங்கிவிடுவது தெரியும். சில தமிழ் எழுத்துப் பழக்கத்திலிருந்து வருகின்றன, சில பள்ளியில் கற்ற ஆங்கிலத்திலிருந்து வருகின்றன, மற்றவை பிரெஞ்சு எழுத்துமுறை செய்யும் குறும்பு. எனவே அறிகுறியை முதலில் பிடித்து, அதற்குரிய மருந்தை மட்டும் கொடுப்பதே என் வழக்கம்.

பிரெஞ்சு ஒலிகளைத் தமிழ் எழுத்தில் காட்ட மூன்று அடையாளங்கள் போதும். தோத்திரப் புத்தகங்களில் வடமொழி ஒலிகளுக்கு எண் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே முறையில், எழுத்தின் மேல் 3 இருந்தால் தொண்டை அதிர ஒலிக்க வேண்டும்: ‘தம்பி’யில் வரும் பகரம் ப³. ˜ என்ற அலை, அதற்கு முன் உள்ள உயிர் மூக்கு வழியாகவும் வருவதைக் காட்டும். ° என்ற வட்டம், நாக்கை அந்த உயிருக்கே வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் குவிக்கச் சொல்கிறது; அதாவது இ° என்பது நாக்கில் இகரம், உதட்டில் உகரம். எண் இல்லாத க, த, ப மூன்றும் எங்கே வந்தாலும் சொல்லின் முதலில் வரும் தமிழ் வல்லினம்போலவே ஒலிக்கும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒரு சோதனை செய்துவிடுங்கள். உள்ளங்கையைத் தாடைக்கு அடியில் வைத்துக்கொண்டு சொல்லை மெதுவாகச் சொன்னால், ஒவ்வோர் உயிரொலிக்கும் தாடை ஒருமுறை கையைத் தொடும். அந்தத் தொடுதல்களின் எண்ணிக்கைதான் அசைகளின் எண்ணிக்கை. இங்கே யாப்பிலக்கணம் நினைவில் உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது: நம் நிரையசை இரண்டு குற்றுயிர்களை ஒன்றாகச் சேர்த்து எண்ணும், பிரெஞ்சு அப்படி எண்ணாது. நண்பன் என்ற பொருளுடைய ‘அமி’ நம் கணக்கில் ஒரே நிரை. அவர்கள் கணக்கில் அ-மி என்று இரண்டு.

பிரிக்கும் விதியும் சிறியதுதான். இரண்டு உயிர்களுக்கு நடுவில் ஒரு மெய்யொலி இருந்தால் அது பின்னால் வரும் உயிரோடு சேரும். இரண்டு மெய்கள் இருந்தால் முன்னதற்கு ஒன்று, பின்னதற்கு ஒன்று. ஆனால் இரண்டாவது மெய் ல் அல்லது ர் ஆகவும், முதல் மெய் க், த், ப், ஃப் போன்றதாகவோ அவற்றின் அதிரும் இணையாகவோ இருந்தால், இரண்டையும் பிரிக்காமல் பின்னால் தள்ள வேண்டும். புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுப் பகுதியில், 1746-இல் சென்னையைப் பிடித்த தளபதியின் பெயரால் ஒரு தெரு இருக்கிறது. பெயர்ப்பலகையைப் பார்த்துப் பலர் ‘லபோர்டொன்னாய்ஸ்’ என்று படிக்கிறார்கள். விதிப்படி அது லா-பூ³ர்-தொ³-நே: நான்கு அசைகள், அவற்றில் மூன்று உயிரில் முடிகின்றன, கடைசி எழுத்துக்கு வேலையே இல்லை. உயிரில் முடியும் அசைகள்தான் பிரெஞ்சில் மிகுதி என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், ஐயம் வரும் இடங்களில் பாதி தானாகத் தீர்ந்துவிடும்.

அறிகுறி: சொல் முடியாமல் நீண்டுகொண்டே போகிறது

தாடைக் கணக்கு அகராதி காட்டும் ஒலிக்குறிப்பைவிட அதிகமாக வருகிறதென்றால், ஊமை எகரத்துக்கு உயிர் கொடுத்துவிட்டீர்கள் என்று பொருள். ஊமை எகரம் என்றால் தலைமேல் குறியில்லாத பிரெஞ்சு ‘ஈ’ எழுத்து; அது சொல்லின் நடுவில் வரும்போது பெரும்பாலும் பேச்சில் விழுந்துவிடும். சனிக்கிழமையைக் குறிக்கும் சொல் எழுத்தில் மூன்று அசை, வாயில் ஸம்-தி³ என்று இரண்டே அசை. வளர்ச்சி என்பதற்கான சொல்லை மாணவர்கள் ‘தெவெலொப்பெமென்’ என்று ஐந்தாக இழுப்பார்கள். அது தே³வ்-லொப்-மா˜ என்று மூன்றில் முடிந்துவிடும். ரொட்டிக்கடையும் அப்படித்தான், பூ³-லா˜ஷ்³-ரி.

அப்படியானால் எல்லா ஊமை எகரத்தையும் விழுங்கிவிடலாமா என்றால், அங்கேதான் அடுத்த பிழை காத்திருக்கிறது. அதற்கு முன்னால் ஒரே ஒரு மெய்யொலி இருந்தால் அது விழலாம். இரண்டு மெய்யொலிகள் இருந்து, பின்னாலும் ஒரு மெய் வந்தால், மூன்று மெய்கள் மோதிக்கொள்ளாமல் இருக்க அது இடையில் நின்றாக வேண்டும். மொரீஸ் கிராமோன் என்ற மொழியியலாளர் இதை மூன்று மெய்களின் விதி என்று வகுத்தார். வெள்ளிக்கிழமை வா˜-த்³ரெ°-தி³, அடுக்குமாடி வீடு அ-பார்-தெ°-மா˜, அரசாங்கம் கூ³-வெர்-நெ°-மா˜. மூன்றிலும் எகரம் நிற்பதற்குக் காரணம் அதன் முன் நிற்கும் இரட்டை மெய்தான். விதி எப்போதும் இரும்பாக நிற்பதில்லை. வேகமாகப் பேசுகிறவர்கள் இதையும் மீறுவார்கள், துலூஸ், மார்செய் போன்ற தெற்கத்திய ஊர்க்காரர்களோ விழ வேண்டிய எகரத்தையும் பாடுவதுபோல் ஒலிப்பார்கள். பாரிஸ் பேச்சைக் குறியாகக் கொண்டு கற்பவர் கிராமோனைப் பின்பற்றினால் பெரிதாகத் தவறாது.

அறிகுறி: மெய்யெழுத்துகள் இரட்டித்து, முட்டி மோதி ஒலிக்கின்றன

என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோருக்கு உள்ள கோளாறு இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். அடுக்குமாடி வீட்டை ‘அப்பார்ட்மென்ட்’ என்று சொல்லும்போது பகரம் இரட்டிக்கிறது, தகரம் டகரமாகிறது. டகரம் ஆங்கிலத்தின் கொடை. பிரெஞ்சுத் தகரம் நம் தகரத்தைப் போலவே பல்லில் பட்டு வருவது. அந்த மட்டில், இங்கிலீஷ் மறந்தால் போதும். இரட்டிப்பு வேறு கதை. பிரெஞ்சு எழுத்தில் பகரம் இரண்டு முறை இருப்பது கண்ணை ஏமாற்றுகிறது என்பது ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணம் நம் எழுத்திலேயே இருக்கிறது. தமிழில் இரண்டு உயிர்களுக்கு நடுவில் தனிப் பகரம் வந்தால் அது மெலிந்து ப³ ஆகிவிடும். வன்மை காக்க வேண்டுமானால் ப்ப என்று இரட்டிக்க வேண்டும். குறிப்பேட்டில் பிரெஞ்சுச் சொல்லைத் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளும் மாணவர், வன்மை கெடாமல் இருக்கவே இரட்டித்து எழுதுகிறார், பிறகு எழுதியபடியே படிக்கிறார்.

மருந்து எளியது. ‘பார்’ என்ற தமிழ்ச் சொல்லைத் தனியாகச் சொல்லுங்கள்; ‘அங்கே பார்’ என்பதில் வரும் அதே பார். அதில் பகரம் ஒற்றையாகவும் வன்மையாகவும் இருக்கிறது. இப்போது அகரத்தைச் சொல்லி, உதட்டை மூடிக் காத்திராமல், உடனே அந்தப் ‘பார்’ மீது இறங்குங்கள்: அ-பார். இரட்டிக்கும்போது உதடுகள் ஒரு கணம் ஒட்டியே இருப்பதைக் கண்ணாடியில் பார்க்கலாம். சரியாகச் சொன்னால் அவை தொட்ட வேகத்தில் பிரிந்துவிடும். கவனம் என்ற பொருளுடைய அ-தா˜-ஸ்யோ˜ என்ற சொல்லையும் ‘தா’ என்ற தமிழ்ச் சொல்லை வைத்தே பழகலாம்.

உண்மையாகவே இரட்டிக்கும் இடங்கள் பிரெஞ்சில் மிகக் குறைவு. ‘ஓடிக்கொண்டிருந்தான்’ என்பதற்கு கூ-ரே, ‘ஓடுவான், ஆனால்’ என்ற நிபந்தனைப் பொருளுக்கு கூர்-ரே என்று பொருள் மாறும் ஓரிரு வினைகளில் மட்டும் ரகரத்தை நீட்ட வேண்டும்.

அறிகுறி: எங்கும் ‘ன்’, ‘ம்’ கேட்கிறது, அல்லது கேட்க வேண்டிய இடத்தில் கேட்கவில்லை

மூக்குயிர்களைக் கண்டு அஞ்சுகிறவர்களிடம் நான் முதலில் தமிழைத்தான் பேசச் சொல்வேன். வீட்டுப் பேச்சில் ‘அவன் வந்தான்’ என்பதன் கடைசி ஒலியைக் கவனியுங்கள். நாக்கு நுனி எதையும் தொடாமல், வந்தா˜ என்று மூக்கில் முடிகிறது. அது பிரெஞ்சு ஆ˜-க்கு மிக அருகில் இருக்கிறது. ‘நான் வந்தேன்’ என்பதன் முடிவு எ˜-க்குப் பக்கம். ‘மரம்’ என்பதைப் பேச்சில் மரோ˜ என்கிறோமே, அது ஓ˜. மூன்று ஒலிகளும் பிறந்தது முதல் நம் வாயில் இருக்கின்றன. சொல்லின் கடைசியில் மட்டும் பழகியதை நடுவிலும் கொண்டுவருவதுதான் வேலை. நான்காவதாக ஒரு மூக்குயிரைப் புத்தகங்கள் சொல்லும். பாரிஸில் பெரும்பாலோர் அதை எ˜-உடன் கலந்துவிட்டார்கள், ஆகையால் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கே மூக்கு, எங்கே வாய் என்பதை அசைப்பிரிப்பே சொல்லிவிடும். உயிருக்குப் பின் வரும் ன் அல்லது ம் அதே அசையில் தங்கினால் அந்த உயிர் மூக்குயிர். அடுத்த அசைக்குத் தாவினால் வாயுயிர். ‘நம்ப முடியாத’ என்ற பொருளுடைய சொல்லில் அடுத்து ககரம் வருவதால் னகரத்துக்குத் தாவ இடமில்லை: எ˜-க்ர்வா-யாப்³ல். ‘ஏற்க முடியாத’ என்பதில் அடுத்து அகரம் வருகிறது, னகரம் அதோடு சேர்ந்துவிடுகிறது: இ-நாக்-ஸெப்-தாப்³ல். எழுத்தில் இரண்டும் ஒரே முன்னொட்டில் தொடங்குகின்றன, காதில் வேறு வேறு. ன் அல்லது ம் இரட்டித்து எழுதப்பட்டாலும் மூக்கொலி போய்விடும்: ‘உடனடியாக’ என்பது இ-மே-த்³யாத்-மா˜. அழைத்துச் செல்லுதல் என்ற பொருளுடைய ஆ˜ம்-நே போன்ற சில சொற்கள் இதை மீறுகின்றன. அவற்றைத் தனியாக மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை.

அறிகுறி: இரண்டு உயிர்களுக்கு நடுவில் ‘ய்’ அல்லது ‘வ்’ நுழைகிறது

உயிரும் உயிரும் அடுத்தடுத்து வந்தால் உடம்படுமெய் போடாமல் தமிழ் வாய் அடங்காது. விமான நிலையத்தை ‘ஆயெரோபோர்ட்’ என்றும், நாடக அரங்கைத் ‘தேயாத்ர்’ என்றும் சொல்ல வைப்பது அந்த இலக்கணமே. பிரெஞ்சில் இவ்வுயிர்கள் தோளோடு தோள் உரசி நிற்கலாம், நடுவில் ஆள் தேவையில்லை: அ-ஏ-ரோ-பொர், தே-ஆத்ர். கூட்டம் என்பதற்கு ரே-இ°-ந்யோ˜. முதல் உயிரில் குரலை நிறுத்தாமல், நாக்கை மட்டும் அடுத்த உயிரின் இடத்துக்கு நகர்த்துங்கள். குரலை நிறுத்தினால் விக்கல்போல் ஒரு வெட்டு விழும், அதுவும் பிழையே.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. இகரத்துக்குப் பின் வேறு உயிர் வந்தால் இகரம் பெரும்பாலும் யகரமாகச் சுருங்கி அதே அசையில் அடங்கிவிடும். ‘ஸி-யோன்’ என்று இரண்டாக உடைக்காமல் ஸ்யோ˜ என்று ஒன்றாகச் சொல்ல வேண்டும். சொல்லின் முடிவில் டி, ஐ, ஓ, என் என்ற நான்கு எழுத்துகள் வந்தால் அந்த டி எழுத்து ஸகரமாகும். ஆனால் அதன் முன் எஸ் இருந்தால் தகரமாகவே நிற்கும், கேள்வி என்பதற்கான கெஸ்-த்யோ˜ அதற்கு உதாரணம்.

அறிகுறி: சொல்லுக்கு முன்னால் ‘இ’, பின்னால் ‘உ’, நடுவில் ஏதோ ஒன்று

ஸ்கூலை ‘இஸ்கூல்’ என்றும், பஸ்ஸைப் ‘பஸ்ஸு’ என்றும் சொல்லும் பழக்கம்தான் இது. ஸ்பெக்-தா-கி°-லேர் என்ற நான்கசைச் சொல்லை ‘இஸ்-பெக்’ என்று தொடங்கினால் தாடை ஐந்து முறை தொடும். ஸகரத்தைப் பாம்பு சீறுவதுபோல் சற்று நீட்டி, அந்தச் சீறலிலிருந்தே பகரத்துக்குள் இறங்கினால் இகரம் ஓடிவிடும். முடிவில் வரும் குற்றியலுகரத்துக்கு மருந்து, கடைசி மெய்யைச் சொன்னவுடன் அடுத்த சொல்லின் உயிரை உடனே எடுத்துக்கொள்வது.

அறிகுறி: கடைசி எழுத்துகளை ஒலிப்பதா விடுவதா என்று தெரியவில்லை

ஈ, என், டி என்று முடியும் சொற்கள்தான் இதில் பெரும் குழப்பம் தருபவை. வினையுரிச்சொல், பெயர்ச்சொல் ஆகியவற்றில் அந்த முடிவு ஆ˜ என்று ஒலிக்கும். பன்மை வினைச்சொல்லில் முழுவதும் ஊமை. ‘மடத்துக் கோழிகள் அடைகாக்கின்றன’ என்று பிரெஞ்சில் எழுதினால் மடத்துக்கும் அடைகாப்பதற்கும் ஒரே ஆறு எழுத்துகள்தாம் வரும், முதலாவதைக் கூ-வா˜ என்றும் இரண்டாவதைக் கூவ் என்றும் படிக்க வேண்டும். ஆகவே சொல்லைப் பிரிக்குமுன் அது வினையா என்று பாருங்கள். ‘வெளிப்படையாக’ என்ற பொருளுடைய வினையுரிச்சொல்லில் இன்னொரு பொறி உண்டு: எகரத்துக்குப் பின் இரட்டை மகரம் வந்து அந்த எகரமே அகரமாகிவிடுவதால், அது ஏ-வி-த³-மா˜.

ஐ எழுத்தும் இரண்டு எல் எழுத்துகளும் சேர்ந்து வந்தால் பொதுவாக யகரம்: தொழிலாளி த்ர-வா-யெ°ர், குடும்பம் ஃபா-மீய். நகரம், ஆயிரம், அமைதியான என்ற பொருளுடைய மூன்று சொற்களைப் போன்ற சிலவற்றில் லகரமாகவே நிற்கும்: வில், மில், த்ரா˜-கில்.

அறிகுறி: அசை எல்லாம் சரி, ஆனாலும் கேட்பவர் ‘என்ன?’ என்று திரும்பக் கேட்கிறார்

நாமும் ஆங்கிலமும் சேர்ந்து சொல்லின் தொடக்கத்தில் பலம் போடுகிறோம். பிரெஞ்சுக் காது முடிவில் எதிர்பார்க்கிறது. அசைகள் எல்லாம் மாலையில் கோத்த பூப்போல ஒரே அளவில் ஓடி, கடைசி அசை மட்டும் சற்று நீள வேண்டும். மேசையில் விரலால் தட்டிக்கொண்டு சொல்லுங்கள். தட்டுகள் ஒரே இடைவெளியில் விழவில்லையென்றால் எங்கோ ஓர் அசையை நசுக்கிவிட்டீர்கள்.

அறிகுறி: பாதியில் மூச்சும் துணிவும் போய்விடுகின்றன

மிக நீண்ட சொல் என்று மரபாகக் காட்டப்படுவது, ‘அரசியலமைப்புக்கு விரோதமாக’ என்ற பொருளுடைய 25 எழுத்துச் சொல். ஒரு மாணவி இதை முதன்முதலில் படித்தபோது பதினொரு தட்டு தட்டினாள், ஏழாவதில் மூச்சு வாங்கினாள். நான் கடைசி அசையை மட்டும் எழுதிக் கொடுத்தேன்: மா˜. பிறகு நெல்-மா˜. பிறகு ஸ்யொ-நெல்-மா˜. இந்த இடத்தில் அவள் வழக்கம்போல் ஸ்யோ˜ என்று மூக்கில் சொன்னாள்; அடுத்து இரட்டை னகரமும் உயிரும் இருப்பதைக் காட்டியதும் தானே திருத்திக்கொண்டாள். பிறகு தி°-ஸ்யொ-நெல்-மா˜, அதற்கு முன் தி, அதற்கு முன் கோ˜ஸ் என்று ஒவ்வொன்றாக முன்பக்கம் சேர்த்துக்கொண்டே வந்தோம். முடிவில் ஆ˜-தி-கோ˜ஸ்-தி-தி°-ஸ்யொ-நெல்-மா˜ என்று எட்டே தட்டில், ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். பின்னாலிருந்து கட்டினால் வாய் எப்போதும் தெரியாததிலிருந்து தெரிந்ததை நோக்கிப் போகிறது, பலம் விழ வேண்டிய கடைசி அசையும் அதிக முறை பழக்கப்பட்டுவிடுகிறது. ‘புரிந்துகொள்ள முடியாத’ என்ற சொல்லையும் இப்படியே கட்டிப் பாருங்கள்: எ˜-கோ˜-ப்ரே-ஆ˜-ஸிப்³ல். மூக்குயிர் மூன்று, பிரிக்கக் கூடாத ப்ர, ஊமை ஹகரத்தால் உயிரோடு உயிர் உரசும் ஓர் இடம் என்று மேலே சொன்னவற்றில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

அறிகுறி: அச்சில் உள்ள பிரிப்பும் காதில் விழும் பிரிப்பும் ஒத்துப்போகவில்லை

இது உங்கள் பிழை அன்று. வரி முடிவில் சொல்லை வெட்டும் அச்சு விதி, இரட்டை மெய்யை நடுவில் பிளந்து, ஊமை எகரத்தையும் ஓர் அசையாக எண்ணும். மரபுக் கவிதையும் மெய்யெழுத்துக்கு முன் நிற்கும் ஊமை எகரத்தை எண்ணித்தான் பன்னிரண்டு அசை அடியை நிறைக்கிறது. உச்சரிப்புக்கு அகராதியின் ஒலிக்குறிப்பை மட்டும் பாருங்கள்.

அறிகுறி: தனியாகச் சரி, வாக்கியத்தில் தவறு

தொடரில் சொல்லின் எல்லை கரைந்துவிடும். அடுக்குமாடி வீடுகள் என்று பன்மையில் சொல்லும்போது முன்னிற்கும் சுட்டுச்சொல்லின் ஊமை எஸ் எழுத்து விழித்துக்கொண்டு அடுத்த அசையின் தலையில் ஏறுகிறது: லே-ஸ³-பார்-தெ°-மா˜. பின்னால் ‘அழகான’ என்பதற்கு மா-ந்யி-ஃபிக் என்று ஒரு சொல்லைச் சேர்த்தால், மா˜-வில் இருந்த நீட்டம் ஃபிக் என்ற கடைசி அசைக்குப் போய்விடும். சொல்லைத் தனியாக ஐந்து முறை சொன்னபின், இப்படி ஒரு சுட்டை முன்னாலும் ஓர் அடைமொழியைப் பின்னாலும் சேர்த்து ஐந்து முறை சொல்லி, கைபேசியில் பதிவு செய்து, தட்டுகளை மீண்டும் எண்ணிப் பாருங்கள். மேலே காட்டிய தொடருக்கு எட்டுத்தான் வர வேண்டும்.